பூனை பேசிய கல்யாணம்

"அப்பா, இப்ப கதவைத் திறக்கப் போறீங்களா இல்லையா?"

கல்யாணப் பொண்ணு உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். முழு அலங்காரத்தில் இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் தலையில் செருகியிருந்த பூ ஒரு சுற்று தளர்ந்தது.

"மெதுவாடி, கை சிவந்துடப் போகுது" என்றாள் அம்மா.

"மெதுவாத் தட்டுங்கம்மா, போன மாசம்தான் கதவு மாத்தினோம்" என்றார் மண்டப மேனேஜர். அவரவர் கவலை அவரவருக்கு.

உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பொண்ணின் அப்பா. டெய்லர். காலையில் சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கியவர், மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறி, மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார்.

"நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் மேடை ஏறமாட்டேன்."

"சித்தப்பா கூட்டிட்டுப் போவாரும்மா" என்றது உள்ளிருந்து வந்த குரல். "நல்ல உயரம். பார்க்க லட்சணமா இருக்கும்."

"உயரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பரண்லேர்ந்து சாமானா இறக்கப் போறேன்? எனக்கு அப்பா வேணும்."



பொண்ணு திரும்பினாள். கண் மை கலங்க ஆரம்பித்திருந்தது. "அம்மா, கீழ போய்ச் சொல்லிடு. அப்பா வரலைன்னா கல்யாணம் இல்லை."

சொல்லிவிடுவாள். செய்தும் விடுவாள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டதும் அவள்தான். அப்பா கடையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, இடது கையும் வாயின் இடது ஓரமும் இழுத்துக்கொண்டபோது, அச்சடித்த பத்திரிகைகளைக் கட்டோடு தூக்கிப் பரணில் போட்டவள். "அப்பா எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அப்பா எழுந்தார். நடந்தார். கடையைத் திறந்தார். இடது கையால் துணியைப் பிடிக்க முடியாததால் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் பாரமாக வைத்து, வலது கையால் வெட்டப் பழகிக்கொண்டார். அப்படி எழுந்து வந்த மனுஷன் இன்று நாற்காலி அறையில் உட்கார்ந்திருந்தார்.

"வாய் கோணிடுச்சுல்ல. நாலு பேர் முன்னாடி நிக்க வெட்கம்" என்றாள் அம்மா. சித்தப்பாவும் அதையே சொன்னார். மண்டப மேனேஜர்கூட, தனக்குத் தெரிந்த மாதிரி, அதையே சொன்னார்.

கீழே மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. தகரக் கூரையில் மழை, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது.

படிக்கட்டுத் திருப்பத்தில் இதையெல்லாம் பார்த்தபடி இரண்டு பேர். தோளில் ஸ்டாண்டோடு நின்றவர் வீடியோ. அவருக்கு வேறு பெயர் உண்டு. கல்யாண வீடுகளில் யாரும் கேட்டதில்லை. "வீடியோ, சாப்டாச்சா?" "வீடியோ, தலை மறைக்குது." அவ்வளவுதான். பக்கத்தில், கழுத்தில் கேமராவோடு நின்றவள் அவர் மனைவி. அவளுக்குப் பெயர் பூனை.

சும்மா வந்த பெயரில்லை. மெத்தென்ற ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு கல்யாணக் கூட்டத்துக்குள் அவள் நடந்தால் பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. ஃபிளாஷ் கிடையாது. ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று காலையிலேயே வந்து பார்த்து வைத்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறக்க மாட்டாள். "இங்க பாருங்க", "கொஞ்சம் சிரிங்க", "கிட்ட வாங்க" - இந்த மூன்றையும் அவள் சொல்லிக் கேட்டவர் இல்லை. "கேமராவைப் பார்த்த முகம் அடையாள அட்டை முகம்ங்க" என்பாள். "அதை எடுக்க நான் எதுக்கு?"

அவள் எடுத்த படங்கள் வேறு ஜாதி. கைகழுவும் இடத்துக்குப் பின்னால் தனியாக நின்று மேடை நடையைப் பழகிப் பார்க்கும் மாப்பிள்ளை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா. ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்து அழுதிருந்தார். ஆல்பம் வந்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கே அது தெரிந்தது. போய் விசாரித்தார்கள். போன வாரம்தான் அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தாராம்.

யார் அழப்போகிறார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். "அழப்போறவங்க முதல்ல எதையாவது துடைப்பாங்க. கண்ணாடியை, மேசையை, குழந்தை மூக்கை" என்பாள். துடைப்பவர் பக்கமாகப் போய் நிற்பாள். கொஞ்ச நேரத்தில் மழை வரும். வீடியோ இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தும் அவருக்கு அந்த வித்தை பிடிபடவில்லை. பொறாமைப்பட வேண்டிய விஷயம். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டெய்லரின் மகள் இந்தப் பூனைக்காகத்தான், புதிதாகக் குறித்த கல்யாணத் தேதியையும் நகர்த்தியிருந்தாள். "அக்கா, என் கல்யாணத்துல உங்க குரலே எனக்குக் கேக்கக்கூடாது" என்று சொல்லித்தான் முன்பதிவு செய்தாள்.

"பாவம் மனுஷன்" என்றார் வீடியோ மெதுவாக. "இடது பக்கமே வராம எடுத்துடறோம்னு சொல்லிப் பார்க்கவா?"

பூனை கேமராவின் பின்திரையில் காலையில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றில் நிறுத்தினாள். அடுத்தது. மறுபடி பின்னால்.

"வாய் காரணம் இல்லைங்க."

"பின்ன?"

"வெட்கப்படறவர் கை தானா வாய்க்குப் போகும். இவருக்கு ஒரு தடவைகூடப் போகல. இங்க பாருங்க, டீ வழியுது. தோள்ல துடைச்சுக்கறார், சிரிக்கறார். வெட்கமா இது?"

"அப்ப என்னதான்?"

அவள் இன்னொரு படத்துக்குப் போனாள். பெரிதாக்கினாள். அசையாமல் பார்த்தாள். வீடியோ எட்டிப் பார்ப்பதற்குள் திரையை அணைத்தாள். அவள் அவரிடமிருந்து ஒரு படத்தை மறைத்தது அதுதான் முதல் தடவை.

நேராகக் கதவுக்குப் போனாள். "எல்லாரும் கொஞ்சம் கீழ போங்க" என்றாள்.

பொண்ணு அசந்து போனாள். கேமரா கழுத்தில் தொங்கும்போது வீடியோவைத் தவிர வேறு யாரிடமும் பூனை பேசி யாரும் பார்த்ததில்லை. அந்த அதிர்ச்சியிலேயே இறங்கிவிட்டார்கள்.

பூனை கதவிடுக்கில் வாயை வைத்தாள். என்னவோ சொன்னாள். நீளமாக ஒன்றுமில்லை. மழைச் சத்தத்தில் திருப்பத்தில் நின்ற வீடியோவுக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. அவள் உள்ளே போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ஒரு டீ ஆறும் நேரம்.

திறந்தபோது டெய்லர் வாசலில் நின்றார். தானே தைத்துக்கொண்ட சட்டை, தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"பொண்ணு! மேல வாங்க!" பூனை படிக்கட்டே அதிரக் கத்தினாள். "அப்பாவோட வலது பக்கம் வந்து நில்லுங்க! வந்துட்டேன்னு சொல்லுங்க!"

"வந்துட்டேன்ப்பா!" என்று ஓடிவந்தவளின் கையை டெய்லர் இறுகப் பிடித்துக்கொண்டார். "போலாம் அம்மாடி."

கல்யாணம் நடந்துவிடும் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். பூனையின் பெயர் கெடப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

வீடியோ மேடைக்கு எதிரே ஸ்டாண்டைப் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை வைத்தார். அப்பாவும் பொண்ணும் வாசலிலிருந்து மெல்ல நடந்து வந்தார்கள். அருமையான நடை. அப்போது ஹெட்போனுக்குள் ஒரு குரல் வெடித்தது.

"எல்லாரும் இங்க பாருங்க!"

வீடியோ ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார். சந்தேகமில்லை. அவர் மனைவிதான்.

"டெய்லர் சார், மேடைக்கு வந்தாச்சு. எதிர்ல மாப்பிள்ளை நிக்கறார். மாப்பிள்ளை, மாமாவுக்குக் கை குடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்க! பக்கத்துல உங்க சம்பந்தி, நீலச் சட்டை. சம்பந்தியம்மா அவருக்கு இடது பக்கம். சிரிங்க!"

மாப்பிள்ளை வாழ்க்கை முழுக்கச் சேர்ந்திருப்பேன் என்று வாக்குச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், "நீலச் சட்டை மாமா, ஒரு அடி முன்னால!" என்று அவள் குரல் குறுக்கே போனது. பொண்ணு திரும்பி முறைத்தாள். பூனைக்கு அது தெரியாமலில்லை. யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாமல் போனதில்லை.

சாட்சிக் கையெழுத்து முடிந்து வாழ்த்துச் சொல்லும் வரிசை தொடங்கியதும் கூத்து இன்னும் பெரிதானது. பூனை வரிசையின் கடைசிவரை ஓடினாள். ஒவ்வொருவரிடமும், "நீங்க பொண்ணு வீட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். திரும்ப மேடைக்கு ஓடிவந்து, கூவினாள். மறுபடி ஓடினாள். நெற்றி வேர்த்து, கேமரா பட்டை கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. படம் எடுத்ததைவிட விசாரித்ததுதான் அதிகம்.

"அடுத்து மஞ்சள் உடுத்தினவங்க, மாப்பிள்ளையோட அத்தை!"

அத்தை சும்மா விடுகிற ஆளில்லை. "ஏம்மா, ஏலம் விடற மாதிரி கத்தறே? நான் அத்தைன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் அத்தை. படத்துக்குத் தெரியணுமே!"

கூட்டம் சிரித்தது. டெய்லரும் சிரித்தார். "வாங்க சம்பந்தி, இங்க நீங்கதான் அதிகம் பேசுவீங்கன்னு பார்த்தா உங்க வாயையே அடைச்சுட்டாங்க" என்றார். அத்தைக்கு அந்த நிமிஷத்திலிருந்து டெய்லரைப் பிடித்துப்போயிற்று.

"வழி விடுங்க, பொத்தான் கடைக்காரர் வர்றார்!"

"வாய்யா!" டெய்லர் வலது கையை விரித்தார். "மழைக்குப் பயந்து கடையிலயே பொத்தான் எண்ணிக்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்!"

நடுவில் ஒரு தடவை பொண்ணு ஷூவைச் சரிசெய்யக் குனிந்தாள். அவள் இடத்தில் சித்தி மகள் வந்து நின்றாள். அதே நிற உடுப்பு, அதே பூ, அதே அலங்காரக் கடைக்காரி பூசிய அதே முகம். டெய்லர் வாஞ்சையோடு அந்தப் பக்கம் கையைத் தூக்கினார்.

"பொண்ணு! சும்மா இருக்காதீங்க, அப்பாகிட்ட ஏதாவது சொல்லுங்க!"

"என்ன சொல்லணும்? ஷூ கடிக்குதுன்னு சொல்லவா?"

"அதையே சொல்லுங்க!"

"அப்பா, ஷூ கடிக்குது!"

டெய்லரின் கை காற்றிலேயே திரும்பி, குனிந்திருந்தவள் தலையில் போய் இறங்கியது.

மழைச் சத்தத்துக்காகத்தான் கத்துகிறாள் என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். மழை நின்றது. அவள் நிறுத்தவில்லை.

கடைசிப் பந்தியில் சாப்பிட உட்கார்ந்தபோது வீடியோ மெதுவாகக் கேட்டார். "உனக்கு என்ன ஆச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சைகையில் வெந்நீர் கேட்டாள்.

அவர்கள் வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறைதான் ஸ்டுடியோ. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, ஈரம் படாமல் கேமராக்களைப் பூட்டி வைக்கும் கண்ணாடி அலமாரி. சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் இங்கே வாடிக்கையாளர் திடுக்கிடுவார். அந்த வாரம் முழுவதும் வீடியோ அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க வெட்டினாலும் நீ இருக்கே. வாக்குச் சொல்ற இடத்துல நீ. கையெழுத்துல நீ. இது கல்யாண வீடியோவா, பஸ் ஸ்டாண்டு அறிவிப்பா?"

"இருக்கட்டும்ங்க."

"படத்தைப் பாரு. எல்லா முகமும் நேராப் பார்க்குது. அடையாள அட்டைன்னு சொல்லுவியே, அதேதான். காரணத்தையாவது சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"கட்டின புருஷனுக்குக் கூடவா?"

"உங்களுக்குச் சொன்னா அது வாக்கு இல்லை. விளம்பரம்."

வீடியோவுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எது முந்தியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். இவள் வேலையில் பிசகுகிறவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு கல்யாணத்தையே பாழடித்தாள் என்றால், பாழடிக்கத் தீர்மானித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பொண்ணு வந்தாள். அம்மாவும் டெய்லரும் கூட. மாப்பிள்ளைக்கு ஞாயிறும் வேலை நாள்.

"வாங்க டெய்லர் சார், நான் பூனை. பெஞ்சு உங்களுக்கு வலது பக்கம் இருக்கு" என்று வரவேற்றாள். டெய்லர் உட்கார்ந்து, கைத்தடியை முழங்காலுக்கு இடையில் நிறுத்திக்கொண்டார்.

பொண்ணு படங்களைப் பார்த்தாள். ஆரம்பத்தில் வேகமாக. பிறகு இன்னும் வேகமாக.

"எங்கக்கா என் படம்?"

"எல்லாமே உங்க படம்தாம்மா" என்றார் வீடியோ.

"இதுவா? எல்லாரும் வரிசையா நின்னு முழிக்கறது? இதுக்கு எங்க தெரு முனைல இருக்கற ஸ்டுடியோவே போதுமே. உங்களுக்காகத் தேதியை மாத்தினேன். உங்க குரலே கேக்கக்கூடாதுன்னு சொன்னேன். பூனைன்னு நம்பிக் கூப்பிட்டேன், சேவல் வந்திருக்கு!"

பூனை சின்னத் துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். வீடியோ அதைப் பார்த்தார். 

"என் ஆபீஸ்ல ரெண்டு பேர் உங்களை புக் பண்ணியிருக்காங்க. நான்தான் சொன்னேன். இப்பவும் நானே சொல்லப்போறேன், வேண்டாம்னு." பொண்ணு போனை எடுத்தாள். "இந்த அக்கா அப்படி எடுப்பாங்க, இப்படி எடுப்பாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. ஸ்டைலாம் ஸ்டைல். காரணமாவது சொல்லுங்களேன்!"

"சொல்லேன்டி!" வீடியோ பொறுக்க முடியாமல் எழுந்தார். "உன் பேர் போகுது. இன்னைக்காவது சொல்லித் தொலை!"

பூனை தலையை ஆட்டினாள். "அன்னைக்கு அப்படித்தான் எடுக்க முடிஞ்சது. மன்னிச்சுக்குங்கம்மா."

பொண்ணு எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

"போனை வை அம்மாடி."

பெஞ்சிலிருந்து டெய்லர் எழுந்திருந்தார். 

"அப்பா, நீங்க உட்காருங்க. இது உங்களுக்குப் புரியாது."

"எனக்குத்தான் புரியும். எனக்காகத்தான் அவங்க கத்தினாங்க." அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டார். "நான் கதவைச் சாத்திக்கிட்டேனே, அப்ப கதவுகிட்ட வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'டெய்லர் சார், யார் யாருன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றேன், தைரியமா வாங்க'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கினேன்."

"யார் யாருன்னா?" அம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னங்க உளர்றீங்க?"

"எனக்கு முகம் தெரியல."

குக்கர் விசில் அடித்தது. யாரும் திடுக்கிடவில்லை.

"மயங்கி விழுந்து எழுந்ததுலேர்ந்து. கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது, வாய் தெரியுது. சேர்த்துப் பார்த்தா ஆள் யாருன்னு தெரியல. டாக்டர் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், எண்ணினேன். பேரு கேட்டார், சொன்னேன். முகம் தெரியுதான்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. கடையில ஒண்ணும் கஷ்டமில்லை. வர்றவன் போட்டிருக்கறது நான் தைச்ச சட்டை. காலரைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவேன். வீட்ல உங்க ரெண்டு பேர் துணியும் நான் தைச்சது. நடை தெரியும். குரல் தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" அம்மாவின் குரல் உடைந்தது.

"சொன்னா இவ மறுபடியும் பத்திரிகையைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்பா. எத்தனை தடவைதான் ஒரு மாப்பிள்ளை காத்திருப்பான்? சமாளிச்சுடலாம்னுதான் வேன்ல ஏறினேன். இறங்கிப் பார்த்தா எல்லாரும் புதுத் துணி. கடையில வாங்கினது. ஒரு தையல்கூட என்னோடது இல்லை. என் தம்பி யாரு, சம்பந்தி யாருன்னு தெரியல. சரி, போகட்டும், கூட்டத்துல சிரிச்சுக்கிட்டே நின்னா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன்."

பொண்ணின் கையிலிருந்த போன் தாழ்ந்திருந்தது.  டெய்லர் அவள் பக்கம் திரும்பினார். சரியான பக்கம்தான்.

"அப்ப வாசல்ல ஒரு கார் வந்து நின்னுது. ஒரு பொண்ணு இறங்கி நேரா என் முன்னால வந்து நின்னு சிரிச்சுது. நல்ல அழகு. யாரு வீட்டுப் பிள்ளையோன்னு, நானும் மரியாதைக்குச் சிரிச்சுட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்னேன்."

கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் அது 'அப்பா, நான் நல்லாருக்கேனா?'ன்னு கேட்டுது."